பார்பராவும் அவருடைய இசைத்தோழர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்பரா என்பவர் யார்?

பாரிஸ் நகரின் பத்தின்யோல் பகுதியில் 1930 ஜூன் 9 அன்று ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சுப் பாடகி. பெற்றோர் வைத்த பெயர் மோனிக் செர்ஃப். நாஜிப் படைகள் பிரான்ஸைப் பிடித்திருந்த ஆண்டுகளில் அந்தக் குடும்பம் ஊர் ஊராக ஒளிந்து வாழ்ந்து உயிர் தப்பியது. போர் முடிந்தபின் பாரிஸில் முறையாகக் குரல்பயிற்சி பெற்றார். 1948-இல் மொகதோர் அரங்கில் நடந்த ஓர் இசைநாடகத்தில், பின்வரிசையில் நின்று சேர்ந்து பாடும் பெண்களில் ஒருவராகத் தொழிலைத் தொடங்கினார். வர்வரா என்ற தாய்வழிப் பாட்டியின் பெயரிலிருந்தே பார்பரா என்ற மேடைப்பெயர் பிறந்தது. தாமே வரி எழுதி, தாமே மெட்டமைத்து, பியானோவின் முன் அமர்ந்து தாமே பாடும் பெண்கள் பிரான்ஸில் அரிதாக இருந்த காலத்தில், அந்த மூன்றையும் ஒருசேரச் செய்து பெரும் புகழ் பெற்றார். 1997 நவம்பர் 24 அன்று பாரிஸை ஒட்டிய நெய்யி நகரில் மறைந்தார். பஞ்ஞோ கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தாரோடு அடக்கம் செய்யப்பட்டார்.

எழுத்து, மெட்டு, குரல், பியானோ அனைத்தும் அவருடையவை என்றால், உடனிருந்தவர்களுக்கு என்ன வேலை இருந்தது?

பார்பராவைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் இதையே முக்கியமானதாக நான் கருதுகிறேன். கறுப்பு உடை, கறுப்புப் பியானோ, இருட்டிய மேடையில் ஒற்றை விளக்கு என்ற சித்திரம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டதால், அவரைத் தனித்து நின்ற ஒருவராகவே எண்ணிப் பழகிவிட்டோம். 1981-இல் வந்த இசைத்தட்டுக்கு அவரே 'தனியே' என்று பெயர் வைத்தார். ஆனால் அவருடைய இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டு வந்தால், பக்கவாத்தியக்காரர்களும், மெட்டுக்கு வாத்தியங்களைப் பொருத்தி அமைக்கும் இசைக்கோர்ப்பாளர்களும் மாறும்போதெல்லாம் அவருடைய பாடலும் மாறியிருப்பது காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. சிறுவயதில் அவருடைய வலக்கையில் கட்டி ஒன்று வளர, பலமுறை அறுவைச்சிகிச்சை நடந்தது. பியானோக் கலைஞராக வேண்டும் என்ற சிறுமியின் கனவு அத்துடன் முடிந்தது. பிற்காலத்தில் அவர் வாசித்த பியானோ, பாடுவதற்கு ஏற்றபடி அவர் காதால் கண்டடைந்த பியானோ. தாளம் அவரிடம் கடிகாரம் போல் ஓடாது. ஒரு சொல்லின் கனத்துக்கு ஏற்ப நிற்கும், அடுத்த சொல்லை நோக்கித் திடீரென விரையும், மூச்சு வாங்கும் இடத்தில் தயங்கும். இப்படிப் பாடுகிறவருக்குப் பக்கம் வாசிப்பவர் அவருடைய உதட்டையும் தோளையும் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். அந்த வித்தை கைவந்தவர்களே அவருடன் நீடித்தார்கள்.

பாரிஸில் பெயர் பெறுவதற்கு முன்பு அவர் யாருடன் பாடினார்?

1950-இல் பார்பரா பெல்ஜியத்துக்குப் போய், சில ஆண்டுகள் பிரஸ்ஸல்ஸ் நகரில் வறுமையோடு போராடினார். எத்தேரி ருஷாத்ஸே என்ற பெண் பியானோக் கலைஞர் அங்கே அவருக்கு வாசித்தார். பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெலின் நட்பு அவருக்குக் கிடைத்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1953-இல் கிளோத் ஸ்லுய்ஸ் என்பவரை மணந்து, சில ஆண்டுகளில் பிரிந்து, பாரிஸ் திரும்பினார்.

லெக்லூஸ் என்ற இடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

சேன் நதியின் கரையில், கிராந்-ஒகுஸ்தான் கரைச்சாலையில் இருந்த ஒரு சின்னஞ்சிறு இரவரங்கத்தின் பெயர் லெக்லூஸ். கபரே என்று பிரெஞ்சுக்காரர் சொல்லும் இத்தகைய இடங்களில் சிலர் குடித்துக்கொண்டே கேட்பார்கள், மேடை என்பது நாலடி இடமாக இருக்கும், கேட்பவரின் முகம் பாடுபவருக்கு எட்டும் தொலைவில் இருக்கும். 1958 முதல் அங்கே இரவின் கடைசி நிகழ்ச்சியாகப் பாடியதால் 'நள்ளிரவுப் பாடகி' என்ற பெயர் அவருக்கு வந்தது. பிறர் எழுதிய பாடல்களையே அந்நாளில் அவர் பெரும்பாலும் பாடினார். 1960-இல் பிரெஞ்சுப் பாடகர் ஜோர்ஜ் பிராசான்ஸின் பாடல்களைப் பாடி வெளியிட்ட இசைத்தட்டுக்கு, சிறந்த இசைத்தட்டுகளுக்குப் பரிசளிக்கும் ஷார்ல் குரோ கழகத்தின் பரிசு கிடைத்தது. 1961-இல் பிரெலின் பாடல்களைத் தனி இசைத்தட்டாகப் பாடினார்.

லெக்லூஸில் பியானோ வாசித்துவந்தவர் லிலியான் பெனெல்லி என்ற இளம்பெண். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் அவரிடம் வர வேண்டியிருக்கும்.

பிறர் பாடல்களைப் பாடியவர் எப்போது தம் பாடல்களுக்கு வந்தார்?

தயங்கித் தயங்கி வந்தார் என்பதே உண்மை. 1962-இல் எழுதிய 'சொல், எப்போது திரும்பி வருவாய்?' என்ற பாடல் அவருக்குத் துணிவு தந்தது. கடல் கடந்து தொலைவில் இருக்கும் காதலனிடம், காத்திருந்து வாடும் மாலுமியின் மனைவியாகத் தன்னால் இருக்க முடியாது என்று ஒரு பெண் சொல்லும் பாடல் அது. கெஞ்சலாகத் தொடங்கி எச்சரிக்கையாக முடியும் அதன் போக்கு அன்றைய காதல் பாடல்களில் புதிது.

'நாந்த்' என்ற பாடலின் கதை இன்னும் துயரமானது. குடும்பத்தைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் எங்கோ மறைந்திருந்த தந்தை நாந்த் நகரில் இறக்கும் தறுவாயில் இருக்கிறார் என்ற செய்தி 1959 டிசம்பரில் வந்தது. பார்பரா போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார். அந்தத் தந்தையிடம் சிறுவயதில் தாம் அனுபவித்த கொடுமையை, இறப்புக்குப் பின் 1998-இல் வெளிவந்த நினைவுக்குறிப்பு நூலில்தான் வெளிப்படையாக எழுதியிருந்தார். அதை அறிந்தபின் இந்தப் பாடலைக் கேட்பவருக்கு, மன்னிப்பும் பிணக்கும் பிரிக்க முடியாதபடி அதில் கலந்திருப்பது புரியும். எழுதத் தொடங்கிய பாடலை முடிக்க அவருக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. 1963 நவம்பரில் கப்யுசீன் அரங்கில் அதைப் பாடினார். அதில் வரும் தெருவின் பெயர் கற்பனையாக வைக்கப்பட்டது. 1986-இல் நாந்த் நகராட்சி உண்மையாகவே ஒரு தெருவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியபோது, பார்பராவும் அதில் கலந்துகொண்டார்.

1964-இல் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக, கிளோத் தெஜாக்கின் மேற்பார்வையில், 'பார்பரா பாடும் பார்பரா' என்ற இசைத்தட்டு வந்தது. அடுத்த ஆண்டு அதற்கும் ஷார்ல் குரோ பரிசு கிடைத்தது. அந்நாளைய அவருடைய குழு மிகச் சிறியது: பியானோவில் அவர், அக்கார்டியனில் ஜோஸ் பசெல்லி, டபுள் பாஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தில் பியேர் நிகோலா. நிகோலா பல்லாண்டுகள் பிராசான்ஸுக்குப் பின்னால் நின்று வாசித்தவர். சொல்லுக்கு வழிவிட்டு வாசிப்பது எப்படி என்பதைக் கரைத்துக் குடித்தவர் என்றே அவரைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஜெர்மன் நகரத்தின் பெயரில் அவர் பாடல் எழுதியது ஏன்?

கோட்டிங்கன் நகரின் இளைஞர் அரங்கை நடத்திய ஹான்ஸ்-குந்தர் க்ளைன் அவரைப் பாட அழைத்தார். ஜெர்மானியரிடமிருந்து ஒளிந்து பிழைத்த யூதச் சிறுமிக்கு அந்த அழைப்பை ஏற்பது எளிதாக இருக்கவில்லை. கறுப்பு நிற கிராண்ட் பியானோ ஒன்று வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டு, 1964 ஜூலையில் போனார். மேடையிலோ உயரமான சாதாரண நிமிர்பியானோ நின்றது. பியானோ தூக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் வேறு கொண்டுவரவும் வழியில்லை. பார்பரா பாட மறுத்துவிட்டார். கடைசியில் ஊரில் ஒரு மூதாட்டியின் வீட்டிலிருந்த கிராண்ட் பியானோவை மாணவர்கள் சிலர் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். நிகழ்ச்சி வெகுநேரம் தாமதமாகத் தொடங்கியும் கூட்டம் கலையாமல் காத்திருந்தது, அவரைக் கொண்டாடியது.

அங்கே தங்கும் நாள்கள் நீட்டிக்கப்பட்டன. புறப்படுவதற்கு முந்தைய பொழுதில், அரங்கை ஒட்டிய தோட்டத்தில் உட்கார்ந்து பாடலின் முதல் வடிவத்தை எழுதி, முடிவுறாத மெட்டோடு அன்றிரவே பாதி பேச்சும் பாதி பாட்டுமாகப் பாடிக் காட்டினார். பாரிஸ் திரும்பியபின் அதை முழுமையாக்கினார். பாரிஸிலும் குழந்தைகள் உண்டு, கோட்டிங்கனிலும் குழந்தைகள் உண்டு, அவர்கள் எங்கும் ஒரே குழந்தைகள்தான் என்ற எளிய உணர்வே அந்தப் பாடல். 1967-இல் ஜெர்மன் மொழியிலும் அதைப் பதிவு செய்தார். பிரான்ஸும் ஜெர்மனியும் செய்துகொண்ட நட்பு ஒப்பந்தத்தின் 40-ஆம் ஆண்டு நிறைவை 2003 ஜனவரியில் வெர்சாய் அரண்மனையில் கொண்டாடியபோது, ஜெர்மன் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் இந்தப் பாடலின் வரிகளைத் தம் உரையில் எடுத்துச் சொன்னார்.

அந்தப் பியானோவைச் சுமந்துவந்த மாணவர்களையும் பார்பராவின் இசைத்தோழர்களில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பாடல் இல்லை.

லிலியான் பெனெல்லிக்காக எழுதப்பட்ட பாடல் எது?

1965 ஆகஸ்டில் நடந்த கார் விபத்தில் லிலியான் பெனெல்லி இறந்தார். அவரை மணக்கவிருந்த பாடகர் செர்ஜ் லமா அதே விபத்தில் படுகாயமடைந்தார். தமக்குப் பக்கம் வாசித்த தோழிக்காகப் பார்பரா எழுதியதே 'ஒரு சிறு கான்டாட்டா' என்ற பாடல். கான்டாட்டா என்பது மேற்கத்திய மரபில் குரலுக்காக எழுதப்படும் ஓர் இசைவடிவம்.

இந்தப் பாடலின் அமைப்பை விரித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்வரங்களின் பெயர்களையே வரிகளாக வைத்து, நாம் 'ஸ ரி க ம' என்று சொல்வதுபோல் பிரெஞ்சில் 'ஸி மி லா ரே' என்று பாடியபடி, தோழி முன்பு வாசித்த சிறு மெட்டை அவர் பியானோவில் தேடுகிறார். விரல் தடுமாறுகிறது. நீ வாசிப்பாய், நான் பாடுவேன் என்று இருந்த நாள்களை நினைக்கிறார். இப்போது வாசிப்பதும் பாடுவதும் ஒருவராகிவிட்ட வெறுமையே பாடலின் கரு. மெட்டோ குழந்தைகள் பாடம் படிப்பதுபோல் துள்ளலாக இருக்கிறது. ஒப்பாரியாக எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பக்கவாத்தியக்காரர் ஒருவருக்காகப் பாடகர் ஒருவர் எழுதிய அஞ்சலிகளில் இதைவிடச் சிறந்ததை நான் கேட்டதில்லை.

ஜோர்ஜ் முஸ்தகியுடன் அவர் பாடிய பாடல் எது?

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்து பாரிஸ் வந்த முஸ்தகி, பாடகி எடித் பியாஃப் உள்ளிட்ட பலருக்குப் பாடல் எழுதியவர். 'கருங்கூந்தல் பெண்' என்று பொருள்படும் 'லா தாம் ப்ரூன்' பாடலைப் பார்பராவை நினைத்தே அவர் எழுதினார். 1967-இல் இருவரும் சேர்ந்து பதிவு செய்தார்கள். ஒருவர் தொலைவிலிருந்து பாடலை அனுப்ப, மற்றவர் அதைக் கேட்டுக் கதவைத் திறக்கிறார் என்பதுபோல் குரல்கள் மாறி மாறி வருகின்றன. பார்பராவின் பாடல்களில் இவ்வளவு வெளிச்சமுள்ளவை குறைவு.

ரோலான் ரோமனெல்லியின் பங்கு என்ன?

பார்பராவின் இசைத்தோழர்களில் ஒருவர் பெயரை மட்டும் சொல்லச் சொன்னால் நான் ரோமனெல்லியையே சொல்வேன். 1946-இல் அல்ஜியர்ஸ் நகரில் பிறந்த இவர், இருபது வயதை ஒட்டிய பருவத்தில் ஜோஸ் பசெல்லியின் இடத்துக்கு வந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடன் இருந்தார்.

பிரான்ஸில் அக்கார்டியன் என்றாலே ஞாயிற்றுக்கிழமை நடனக்கூடமும் சுழன்றாடும் இணைகளும் நினைவுக்கு வரும். அந்த நினைவை முற்றிலும் விலக்கிவைத்துவிட்டு வாசித்தவர் ரோமனெல்லி. அக்கார்டியனின் துருத்தி காற்றை இழுத்து விடுவதால் ஒலிக்கிறது, மனிதக் குரலும் அப்படியே. ஆகவே பார்பரா மூச்சை இழுக்கும்போது துருத்தி விரிவதும், அவர் ஒரு சொல்லை மெலிதாகக் கைவிடும்போது துருத்தி மூடுவதும் ஒரே உடலின் அசைவுபோல் ஆகிவிடுகின்றன. பியானோவால் இதைச் செய்ய முடியாது, ஏனெனில் அடித்த கணத்திலிருந்து அதன் ஒலி தேயத் தொடங்கிவிடும். தேயும் ஒலிக்கும் அடுத்த சொல்லுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை அக்கார்டியனின் நீண்ட ஒற்றை ஸ்வரம் நிரப்பியது. பார்பரா எங்கே நின்றாலும் தாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற உறுதி இருந்ததால், அவர் மேலும் மேலும் துணிந்து நின்றார், துணிந்து மௌனமானார்.

ரோமனெல்லி வாசித்ததோடு நிற்கவில்லை, மெட்டமைப்பிலும் பங்கேற்றார். 1972-இல் வந்த 'வியன்னா' என்ற பாடல் இருவரும் சேர்ந்து இசையமைத்தது. பிரிந்து போயிருக்கும் பெண் வியன்னா நகரிலிருந்து காதலனுக்கு எழுதும் கடிதமாக அமைந்த அந்தப் பாடல், தனிமையே சுகம் என்று சாதித்துக்கொண்டே போய், கடைசியில் நீயும் வா என்று முடிகிறது. மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசரிலும் ரோமனெல்லிக்கு ஆர்வம் மிகுதி, 1970களின் பிற்பகுதியில் மின்னணு நடன இசையில் பெயர்பெற்ற ஸ்பேஸ் என்ற குழுவிலும் இருந்தார். பார்பராவின் பிற்காலக் கச்சேரிகளில் மின்னணு விசைப்பலகைகளின் ஒலி சேர்ந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1986-ஐ ஒட்டி இருவரும் பிரிந்தார்கள்.

'கருங்கழுகு' பாடலை உருவாக்கியதில் மிஷேல் கொலொம்பியே எப்படி உதவினார்?

1970-இல் வெளிவந்த 'லெய்கிள் நுவார்', அதாவது கருங்கழுகு, பார்பராவின் பாடல்களிலேயே மிகப் பரவலாக அறியப்பட்டது. ஏரிக்கரையில் உறங்கிக்கொண்டிருந்த பெண்ணின் கனவில், வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கருங்கழுகு இறங்கி வருகிறது, அவள் கையில் தலை சாய்க்கிறது, குழந்தைப் பருவத்தை நினைவூட்டிவிட்டுப் பறந்து போகிறது. இந்தக் கனவுக்குப் பலர் பல விளக்கம் தந்திருக்கிறார்கள்.

இசைக்கோர்ப்பு மிஷேல் கொலொம்பியேயுடையது. 1967-இல் இசையமைப்பாளர் பியேர் ஆன்றியுடன் சேர்ந்து, நடன அமைப்பாளர் மோரிஸ் பெஜாரின் நடனத்துக்காக மின்னணு ஒலிகளையும் ராக் இசையையும் கலந்து பரபரப்பூட்டியவர் இவர், பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூருடனும் நெருங்கி வேலை செய்தவர். மெட்டைப் பொறுத்தவரை 'கருங்கழுகு' மிக எளிது, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது. கொலொம்பியே ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடுக்கை ஏற்றிக்கொண்டே போனார். தனிப் பியானோவில் தொடங்கி, தாளக்கருவிகள், சேர்ந்திசைக் குரல்கள் என்று வளர்ந்து முடிவில் பெரும் ஆரவாரமாகிறது. கழுகு அருகில் வர வர அதன் உருவம் பெரிதாவதை அந்த அடுக்குகளில் கேட்கலாம்.

என் கணிப்பில் இது பார்பராவின் மிகச் சிறந்த பாடல் அன்று. அவருடைய தயக்கத்துக்கும் திடீர் நிறுத்தங்களுக்கும் இங்கே இடமில்லை, பெரிய வாத்தியக்குழு சீராகத்தான் நடக்க முடியும். ஆயினும் சிறு அரங்குகளின் பாடகியாக இருந்தவரை நாடு முழுவதற்கும் கொண்டு சேர்த்தது கொலொம்பியேயின் இந்த வேலைதான். அதை மறுப்பது நியாயமாகாது.

ஜாக் பிரெலுடன் அவர் சேர்ந்து பாடியிருக்கிறாரா?

அவர்களுடைய முக்கியமான கூட்டுப்பணி திரைப்படத்தில் அமைந்தது. பிரெல் இயக்கி 1972-இல் வெளியான 'ஃபிரான்ஸ்' படத்தில் அவருக்கு இணையாக லெயோனி என்ற பாத்திரத்தில் பார்பரா நடித்தார். பெல்ஜியத்தின் கடற்கரையில், தயக்கம் மிகுந்த இருவருக்கிடையே முளைக்கும் காதலின் கதை அது. 1978-இல் பிரெல் இறந்து, பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹிவா ஓவா தீவில், ஓவியர் கோகேன் உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். 1990-இல் மொகதோர் அரங்கில் பார்பரா பாடிய புதிய பாடல்களில் ஒன்று, கோகேனின் பெயரைத் தலைப்பில் தாங்கி பிரெலுக்கு எழுதிய கடிதமாக இருந்தது. 1948-இல் பின்வரிசையில் நின்று பாடிய அதே மொகதோர்.

வில்லியம் ஷெல்லரைப் பாட வைத்தவர் பார்பரா என்பது உண்மையா?

உண்மை. ஷெல்லர் செவ்வியல் இசை கற்ற இசையமைப்பாளர். நண்பர்களின் திருமணத்துக்காக அவர் எழுதி 1972-இல் இசைத்தட்டாக வந்த ஒரு திருப்பலி இசையைக் கேட்ட பார்பரா, தம் அடுத்த தொகுப்பின் இசைக்கோர்ப்பை அவரிடம் ஒப்படைத்தார். மார்ன் நதிப்பகுதியில் உள்ள பிரெசி என்ற சிற்றூரில் பார்பரா அப்போதுதான் வீடு வாங்கியிருந்தார். ஷெல்லர் அங்கேயே தங்கி வேலை செய்தார். நீங்கள் பாட வேண்டும் என்று பார்பரா அவரிடம் சொன்னார். 1975-இல் பாடகராக வெளிவந்த ஷெல்லர், பிரான்சின் மதிப்புக்குரிய பாடகர்-இசையமைப்பாளர்களில் ஒருவரானார். பிற்காலத்தில் அவரும் தனியே பியானோ முன் அமர்ந்து பாடிப் புகழ்பெற்றார்.

1973-இல் வந்த அந்தத் தொகுப்பின் பெயர் 'லா லூவ்', பெண் ஓநாய். இன்னொரு வகையிலும் அது விதிவிலக்கு: பெரும்பாலான வரிகளை ஃபிரான்சுவா வெர்தெமேர் என்ற இளைஞர் எழுத, பார்பரா மெட்டமைத்தார். தம் வரிகளைத் தாமே எழுதும் ஒருவர் பேனாவை இன்னொருவர் கையில் கொடுத்தது பெரிய செய்தி. விளைவு பலருக்கு அந்நியமாகப் பட்டது. பார்பராவின் பேச்சுநடை இல்லை, பழங்கதைகளும் மாளிகைகளும் விலங்குகளும் நிறைந்த ஒரு கனவுலகம் இருந்தது. ஷெல்லரின் தந்திவாத்தியங்கள் அந்த உலகத்துக்கு மாலைநேர நிறம் பூசின. 'மரியன்பாத்' பாடலை இரவில் விளக்கணைத்துக் கேட்டவர்கள் இத்தொகுப்பை ஒதுக்க மாட்டார்கள். உரிய மதிப்பு கிடைக்காமல் போனது இது என்றே இன்றும் நினைக்கிறேன்.

1981 பாந்தான் கச்சேரிகள் ஏன் தனித்துப் பேசப்படுகின்றன?

பாரிஸின் வடகிழக்கு எல்லையில், பாந்தான் வாயிலில் இருந்த பெரிய கூடார அரங்கில் 1981-இன் இறுதி மாதங்களில் அவர் பாடினார். லெக்லூஸின் நாலடி மேடையில் வளர்ந்தவர் இவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் பாடுவது சரிவருமா என்ற ஐயம் இருந்தது. குரலும் அப்போது உடையத் தொடங்கியிருந்தது. ஆனால் அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவைக் கேட்டால், உடைந்த குரலைக் கூட்டம் தன் குரலால் தாங்கிக்கொள்வது தெரிகிறது. 1965-இல் போபினோ அரங்கில் பாடியபின் எழுதிய 'என் மிக அழகிய காதல் கதை நீங்கள்' என்ற பாடலில், காதலரையெல்லாம் ஒதுக்கி ரசிகர்களையே அவர் விளித்திருந்தார். பாந்தானில் அந்தக் காதல் திரும்பி வந்தது. நிகழ்ச்சி முடிந்தும் கூட்டம் போக மறுத்துப் பாடிக்கொண்டிருந்தது. அந்த நன்றியில் 'பாந்தான்' என்ற பெயரிலேயே ஒரு பாடல் எழுதினார்.

ஜெரார் தெபார்தியூவுடன் அவர் செய்த இசைநாடகம் எது?

'லிலி பாஸியோன்'. 1986 ஜனவரியில் பாரிஸின் ஸெனித் அரங்கில் தொடங்கியது. கியூபெக்கைச் சேர்ந்த பாடலாசிரியர் லூக் ப்ளாமொந்தோன் இதை எழுதுவதில் உடனிருந்தார். லிலி என்ற பாடகி எந்த ஊரில் பாடினாலும், அன்றிரவு தாவித் என்பவன் அங்கே ஒரு கொலை செய்கிறான். பாட்டு, கொலை, காதல் மூன்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன. திரையில் உச்சத்தில் இருந்த தெபார்தியூ தாவித்தாக வந்து, பாடுவதற்கும் பேசுவதற்கும் இடைப்பட்ட மெல்லிய குரலில் இணைந்தார். அவ்வளவு பெரிய உடல்கொண்ட மனிதரிடமிருந்து அவ்வளவு தணிந்த குரலை வரவழைத்தது பார்பராவின் சாதனை. நாடகமாகப் பார்த்தால் கட்டுக்கோப்பில் குறை உண்டு. இருவரும் சேர்ந்து பாடும் 'மிமோசாத் தீவு' தனியாகவே நிலைத்து நிற்கிறது.

கடைசி ஆண்டுகளில் உடனிருந்தவர்கள் யார்?

1980களிலிருந்து பியானோவிலும் விசைப்பலகைகளிலும் ஜெரார் தகேர் அவருடைய முதன்மைத் துணையானார். 1987-இலும் 1993-இலும் ஷாத்லே அரங்கில் பாடினார், இரண்டாவது முறை உடல்நலம் குன்றியதால் இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. 1994 மார்ச்சில் தூர் நகரில் பாடியதே கடைசிக் கச்சேரி. இதே ஆண்டுகளில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகவும் சிறைக் கைதிகளுக்காகவும் அவர் ஆற்றிய பணி தனியே எழுதத்தக்கது. 1987-இல் எய்ட்ஸ் பற்றியே பாடல் எழுதி மேடையில் பாடினார், தம் கச்சேரிக்கு வந்தவர்களுக்கு ஆணுறைகள் கிடைக்கச் செய்தார்.

1996-இல் வந்த கடைசித் தொகுப்புக்கு வெறுமனே 'பார்பரா' என்று பெயர். அறுபத்தாறு வயதில் அவர் இளையவர்களிடம் பாடல் கேட்டு வாங்கினார் என்பதே அதில் என்னை நெகிழ்த்துவது. தெலெஃபோன் என்ற ராக் குழுவில் இருந்த ஜான்-லூயி ஓபேர் 'உயிருள்ள கவிதை' என்ற பாடலைக் கொடுத்தார். தெபார்தியூவின் மகன் கியோம் 'அ ஃபோர்ஸ் தெ' என்ற பாடலுக்கு வரி எழுதினார். குரல் ஏறக்குறைய பேச்சாகத் தேய்ந்திருந்தாலும், ஒரு சொல்லுக்குமுன் நிற்கும் அந்தப் பழைய நிறுத்தம் அப்படியே இருக்கிறது.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பிரெஞ்சு தெரியாதவராக இருந்தால் 'ஒரு சிறு கான்டாட்டா'விலிருந்து தொடங்குங்கள், ஸ்வரங்களின் பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அடுத்து 'நாந்த்', 'கோட்டிங்கன்', 'வியன்னா'. பிறகு பாந்தான் ஒலிப்பதிவை முழுமையாக ஒரே அமர்வில் கேளுங்கள். 'கருங்கழுகு' எப்படியும் உங்களைத் தேடி வந்துவிடும்.

அவருக்குப் பின் அந்த இசைத்தோழர்கள் என்ன ஆனார்கள்?

ரோமனெல்லி தம் இருபது ஆண்டு அனுபவத்தை நூலாக எழுதினார். கொலொம்பியே அமெரிக்கா சென்று திரைப்படங்களுக்கு இசையமைத்து, 2004-இல் அங்கேயே மறைந்தார். பார்பரா இறந்து இருபது ஆண்டுகள் நிறைந்த 2017-இல், செவ்வியல் பியானோக் கலைஞர் அலெக்ஸாந்தர் தாரோ பல பாடகர்களைக் கூட்டி அஞ்சலித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் பாரிஸின் பூஃப் து நோர் அரங்கில் தெபார்தியூ பார்பராவின் பாடல்களைப் பாடினார். பெண்ணின் வாயில் பிறந்த வரிகளை அவர் மாற்றவில்லை, பெண்பாலிலேயே பாடினார். அவருக்கு வலப்புறமோ இடப்புறமோ வாத்தியக்குழு எதுவும் இல்லை. ஒரு பியானோ, அதன் முன்னால் ஜெரார் தகேர்.